சாய்ந்த எட்டுப் பாத்திகள்

கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் 'தராசு'. பாத்தி பாத்தியாக அறுத்து வந்த கதிரை அடித்து, தூற்றி, காயவைத்து, எடை போட்டு நோட்டில் ஏற்றுவது அவள் வேலை. எடையறையில் மின்விசிறி போட விடமாட்டாள்; காற்றுக்கு முள் ஆடும் என்பாள். உள்ளே வேர்த்து ஊற்றும். யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவாள்.

"ஒரு கிராம்ல என்னம்மா குடி முழுகிடப் போகுது?" என்று டிராக்டர் ஓட்டுபவர் ஒருமுறை கேட்டார்.

"உங்க வண்டிச் சக்கரத்துல ஒரு நட்டு கழண்டா என்ன முழுகுமோ, அதுதான் முழுகும்" என்றாள்.

அப்போது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. தனியாள். பண்ணைக்குப் பின்புறம் ஊழியர்களுக்கென்று கட்டிய வரிசையில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை நிரந்தரமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

பண்ணையின் இயக்குநர் வாசனைத் திரவியம் பூசிக்கொள்பவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்து ஆளை எழுப்பிவிடும் என்று வேலையாட்கள் சிரிப்பார்கள். பதினோரு வருடம் கலப்பு செய்து, கழித்து, பொறுக்கி அவர் ஒரு ரகத்தைக் கொண்டுவந்திருந்தார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வரிசை எண்படி எல்லோரும் 'பதினேழு' என்றார்கள். அவர் மட்டும் 'நம்ம பதினேழு' என்பார்.

அந்தப் பதினேழுக்கு எவ்வளவு உரம் போடலாம் என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. ஐந்து ரகங்கள். ஒவ்வொன்றுக்கும் தழைச்சத்து ஐந்து அளவில்: ஒன்றுமே போடாதது, எக்டேருக்கு நாற்பது கிலோ, எண்பது, நூற்றிருபது, நூற்றறுபது. ஒவ்வொன்றும் நான்கு இடத்தில். மொத்தம் நூறு பாத்தி. உரத்தைக் கொட்டினால் எல்லாக் கோதுமையும் ஒரே மாதிரி விளையாது என்பது தராசுக்குத் தெரியும். சில ரகம் தின்றதை மணியாக்கும். சில ரகம் தின்றதை எல்லாம் தாளாக்கி, உயர வளர்ந்து, ஒரு காற்றுக்குத் தரையில் படுத்துக்கொள்ளும். படுத்த பயிரில் மணி சுருங்கிப்போகும்.

முதல் ஆண்டு காற்றே அடிக்கவில்லை. நூற்றறுபது கிலோ போட்ட பாத்தியில் பதினேழுதான் முதலில் வந்தது. இயக்குநர் எடையறைக்கே வந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு ஆண்டுக் கணக்கை வைத்தே, 'பதினேழு: முழு உரத்துக்கு ஏற்ற ரகம்' என்று துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போனது.

இரண்டாம் ஆண்டு, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காற்று வந்தது. இரண்டு மணி நேரம்தான். காலையில் தராசு போய்ப் பார்த்தபோது பழைய நெட்டை ரகம் உரம் போட்ட இடமெல்லாம் விழுந்து கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். பக்கத்திலேயே பதினேழும் கிடந்தது. நாற்பதிலும் எண்பதிலும் நின்றது; நூற்றிருபது போட்ட நான்கு பாத்தியிலும், நூற்றறுபது போட்ட நான்கு பாத்தியிலும் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. பண்ணையில் யாரும் சீந்தாத குட்டை ரகம் ஒன்று இருந்தது. அது மட்டும் எந்த அளவிலும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அவள் அறுத்தாள், எடை போட்டாள், எழுதினாள். அந்த எட்டுப் பாத்திகளிலும் விளைச்சல் எண்பது கிலோப் பாத்திகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இயக்குநர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்த எட்டையும் பறவைச் சேதம்னு போட்டுடும்மா" என்றார்.

"பறவை வரல சார். சாஞ்சுடுச்சு."

"வந்திருக்கும். நீ பார்த்திருக்க மாட்டே."

"நான் தினம் அங்கேதான சார் நின்னேன்."

அவர் கோபப்படவில்லை. நோட்டை மூடி அவள் பக்கமாகத் தள்ளினார். ஒரு வாரம் கழித்து அழைப்பு வந்தது. மேசைமேல் தட்டச்சு செய்த கடிதம். 'இரண்டாம் ஆண்டு சோதனையின் மாதிரி மூட்டைகள் எனது கவனக்குறைவால் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல போட்டா கிடங்குக்கு மாத்தறதோட முடிஞ்சுடும். போடலேன்னா விசாரணை. வேலை போகும், அறையும் போகும். யோசிச்சுக்கோ" என்றார் அவர், பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தபடியே.

அவள் போட்டாள். அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள்; இரண்டாம் ஆண்டுச் சோதனை செல்லாது என்று ஆனது. துண்டுப்பிரசுரம் அப்படியே நின்றது.

அவளை ஆயுள் முழுக்க அரித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். அவளுடைய அண்ணன் பத்து மைல் தள்ளி சொந்த நிலத்தில் கோதுமை பயிரிடுகிறவர். விதைப்புக்கு முன்னால் ஒரு மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பதினேழுன்னு சொல்றாங்களே, நூத்தறுபது போடலாமாம். நீ அங்கேயே இருக்கியே, உனக்குத் தெரியாததா? போடட்டுமா?"

கிடங்கு எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தார்.

"சிபாரிசு அப்படித்தான்ணே இருக்கு" என்றாள்.

அண்ணன் விதைத்ததோடு நிற்கவில்லை. "என் தங்கச்சி கையால எடை போட்ட கோதுமை" என்று அக்கம்பக்கத்து நான்கு பேரையும் விதைக்க வைத்தார். பயிர் கருகருவென்று வந்தது. பார்த்தவர்கள் கண்வைத்துவிடுவார்கள் போல இருந்தது. கதிர் முற்றும் முன் காற்று வந்தது. ஐந்து பேர் நிலமும் ஒரே திசையில் படுத்தது.

அவள் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்ணே" என்றாள்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாமல், இரண்டு மாதத்தில் நகரத்துக்குப் போய் ஒரு பெரிய கட்டடத்தில் மின்தூக்கி இயக்கும் வேலையில் சேர்ந்தார். அண்ணி மட்டும் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தாள். நிலம் தரிசாகக் கிடந்தது.

அழுது தீர்க்கும் ஜாதி இல்லை தராசு. கறுவினாள். காலையில் பல் துலக்கும்போது இயக்குநரின் முகம் வரும். இன்னும் அழுத்தித் துலக்குவாள். கிடங்கில் அவளுக்குக் கொடுத்த வேலை காலி விதைச் சாக்குகளை உதறி, மடித்து, அடுக்குவது. ஒவ்வொரு சாக்கிலும் ரகத்தின் சீட்டு தைத்திருக்கும். ஒருநாள் ஒரு சாக்கை உள்வெளியாகப் புரட்டியபோது தையல் ஓரத்தில் ஏழெட்டு மணி சிக்கியிருந்ததைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். பதினேழு.

அன்று தொடங்கியது. குப்பைக்குப் போகவேண்டிய மணிகளை மூன்று டப்பாக்களில் சேர்த்தாள். ஒன்றில் பதினேழு, ஒன்றில் பழைய நெட்டை, ஒன்றில் குட்டை. நான்கு மாதத்தில் ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு மேல் தேறியது. டப்பாக்களோடு அண்ணியிடம் போய் நின்றாள்.

"அண்ணி, நிலத்துல ஒரு மூலை வேணும்."

"எதுக்கு? அவர் மூஞ்சியில முழிக்கவே உனக்கு யோக்கியதை இல்ல, நிலம் கேக்குறியா?"

"அந்த ஆளைப் படுக்க வைக்கணும் அண்ணி. எங்க அண்ணன் பயிர் படுத்த மாதிரி."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து நீட்டினாள். "கிணத்துப் பக்கம் எடுத்துக்கோ. மாடு வராது."

முப்பது பாத்தி கட்டினாள். இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். மூன்று ரகம், ஐந்து அளவு, ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில். எக்டேருக்கு நூற்றறுபது கிலோ தழைச்சத்து என்றால் அந்தச் சின்னப் பாத்திக்கு நூற்று எழுபத்துநான்கு கிராம் யூரியா வரும். அதை அளக்க, தபால் நிலையத்தில் கழித்துப் போட்ட கடிதத் தராசு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். உரத்தை மூன்று பங்காக்கி, விதைப்பில் ஒரு பங்கு, முதல் தண்ணீரில் ஒரு பங்கு, தண்டு நீளும்போது ஒரு பங்கு. விடுமுறை நாள் ஒன்றுகூட அவளுக்கு மிஞ்சவில்லை. முதுகு வலித்தால், "இரு, இரு, அவனுக்கு வலிக்கும்" என்று முதுகுக்கே சமாதானம் சொல்வாள்.

"விதை போடறப்போ என்னத்தம்மா முணுமுணுக்குறே? மந்திரமா?" என்று அண்ணி ஒருநாள் கேட்டாள்.

"திட்டறேன் அண்ணி."

"விதையையா?"

"விதை என்ன பாவம் பண்ணுச்சு? அவரை."

"அப்ப சத்தமா திட்டு, நானும் சேர்ந்துக்கிறேன்."

வேலிக்கு வெளியே நின்று பார்த்த விவசாயிகள் கேட்பார்கள்: எந்த ரகத்துக்கு எவ்வளவு போடுவது? அவள் வாயே திறக்கமாட்டாள். ஊருக்கு உபகாரம் செய்ய அவள் அங்கே குனியவில்லை. ஆனால் கண்ணை யார் கட்டமுடியும்? உரமே போடாத பாத்தியில் பழைய நெட்டை மற்ற இரண்டையும் முந்துவதை அவர்கள் பார்த்தார்கள். அதற்கே உரம் போட்டால் அது வைக்கோலாகிப் போவதையும் பார்த்தார்கள். பதினேழு எண்பதுவரை ஏறிவந்து, அதற்குமேல் காற்றின் தயவில் நிற்பதைப் பார்த்தார்கள். பட்டினி போட்டால் குட்டை மூன்றிலும் கடைசி. ஆனால் போடப்போட மணி பிடித்து, நூற்றிருபதில் போதும் என்று நின்றுகொள்ளும். ஒவ்வொருவராக அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். அவளுக்கு அது சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

மூன்றாம் ஆண்டுதான் அவளைச் சோதித்தது. காற்று வரவே இல்லை. பண்ணைச் சோதனையின் முதல் ஆண்டுபோலவே நூற்றறுபதில் பதினேழு எல்லாவற்றையும் தாண்டி நின்றது. எடை போட்டுவிட்டு நோட்டைப் பிரித்தாள். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் கேட்பாரில்லை. கடிதத் தராசை எட்டி உதைத்தாள், அது கவிழ்ந்தது. அப்புறம் நிமிர்த்தி வைத்து, முள்ளைச் சரிசெய்து, மறுபடி எடை போட்டாள். அதே எண்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

ஆறு ஆண்டுகள் ஓடின. நான்கில் பயிர் சாய்ந்தது, இரண்டில் சாயவில்லை. ஆறாம் ஆண்டு பயிர் கடைசியாகச் சாய்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில், இயக்குநரின் ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கையில், பண்ணைக்கு வெள்ளையடித்தார்கள். பதினேழைப் பக்கத்து மாகாணங்களுக்கும் சிபாரிசு செய்யலாமா என்று பார்க்க ஐந்து பேர் குழு வருகிறது. சிபாரிசானால் அந்த ரகத்துக்கு இயக்குநருடைய பெயரையே வைப்பதாகப் பேச்சு.

குழுவின் தலைவர் மண்ணியல் படித்த அம்மாள். தடித்த கண்ணாடி. வந்த முதல் நாளே, மற்றவர்கள் சொன்னதை மட்டும் நம்பாமல், சாக்கில் இருக்கும் விதையைத் தானே பார்க்கவேண்டும் என்று கிடங்குக்குள் நுழைந்தார். தராசு சாக்கைப் பிரித்துக் காட்டினாள். கூடவே மடியில் வைத்திருந்த நோட்டையும் நீட்டினாள்.

"இது என்ன?"

"ஆறு வருஷம் மேடம். பதினேழு, நெட்டை, குட்டை. அஞ்சு அளவு."

அம்மாள் நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "மூணாவது வருஷம் பதினேழு ஜெயிச்சிருக்கே?"

"அந்த வருஷம் காத்து வரல மேடம். நான் என்ன பண்றது?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில இதை நிலத்துல பார்க்கலாமா?"

மறுநாள் இரண்டு வண்டிகள் அண்ணன் நிலத்து ஓரத்தில் நின்றன. இயக்குநரும் வந்திருந்தார். முப்பது பாத்தியிலும் பயிர் முற்றிக்கொண்டிருந்தது. பதினேழு அதிக உரம் போட்ட நான்கு பாத்தியிலும் படுத்துக் கிடந்தது. குட்டை நின்றது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அம்மாள் வரப்பில் உட்கார்ந்து, சாய்ந்த தாளின் அடிக்கணுவை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது பொக்கென்று நசுங்கியது.

"இது என்ன விளையாட்டு?" இயக்குநர் சிரிக்கப் பார்த்தார். "தபால் தராசுல ஆராய்ச்சியா? மேடம், இந்தப் பெண் மூட்டையைக் கலந்துட்டு எழுதிக் கொடுத்தவ. ஃபைல்ல இருக்கு. கிடங்குக்கு மாத்தின வன்மத்துல பண்றா."

"வன்மம்தான் சார்" என்றாள் தராசு. "அதை நான் மறைக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் எந்த மூட்டையைக் கலந்தேன்? ஒரு நம்பர். ஒண்ணு போதும்."

ஆறு ஆண்டாக அந்தக் கேள்வியை அவள் சாக்கு உதறும்போதும் நடக்கும்போதும் மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இப்போது சொல்லியபோது குரல் ஒரு துளிகூட உயரவில்லை.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"கலந்ததைக் கண்டுபிடிச்சவர் நீங்கதானே சார். எந்தப் பாத்தி எதோட கலந்துச்சுன்னு தெரியாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நாற்பத்துமூணு" என்றார் அவர். "நாற்பத்துமூணு. பதினேழு, அதிக உரம். அதுலதான் தப்பு."

அந்த நொடியை விழுங்க மனமில்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

"நாற்பத்துமூணு பழைய நெட்டை சார். உரமே போடாத பாத்தி. பதினேழு அதிக உரத்துல இருந்தது ஏழு, பதினெட்டு, இருபத்தொன்பது, முப்பத்தாறு, ஐம்பத்திரண்டு, அறுபத்தேழு, எண்பத்தொண்ணு, தொண்ணூத்துநாலு. வரைபடம் ஆபீஸ் அலமாரியில இருக்கு மேடம், ரெண்டாவது தட்டு. பார்த்துக்கலாம்."

வேலி ஓரத்திலிருந்து அண்ணி, "போடு!" என்று சத்தமாகவே சொன்னாள்.

அன்று பிற்பகலே வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்கள். எட்டு எண்களும் சரியாக இருந்தன. பக்கத்து மாகாணங்களுக்குப் பதினேழு போகவில்லை. இங்கேயே அதற்கு எண்பது கிலோவுக்குமேல் போடக்கூடாது என்று புதுப் பிரசுரம் வந்தது. முழு உரம் போடுகிறவர்களுக்குக் குட்டை ரகம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ரகத்துக்குப் பெயர் வைக்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஆனால் தராசுக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. குழுத் தலைவரின் முன்னால் இயக்குநர் எழுத்தில் விளக்கம் தரவேண்டியிருந்தது. அவர் எழுதிய முதல் தாளை அம்மாள் அவளிடம் காட்டினார். 'மூட்டைகள் கலந்ததாகக் கூறப்பட்டது போதிய சரிபார்ப்பின்றி ஏற்கப்பட்டது.'

"இது வேணாம் மேடம்" என்றாள். "கூறப்பட்டதுன்னா யாரு கூறினா? 'இந்த ஊழியர் மூட்டையைக் கலக்கவில்லை. பொய்யென்று தெரிந்தே நான்தான் கையெழுத்து வாங்கினேன்.' அப்படி எழுதட்டும்."

"முடியாது" என்றார் இயக்குநர்.

"அப்போ விசாரணை. யோசிச்சுக்கோங்க சார்" என்றாள்.

அவர் மூன்று தாள் கிழித்தார். நான்காவதில் அவள் சொன்னபடி எழுதினார். எழுதும்போது காதோரம் வேர்வை இறங்கி, அவருடைய வாசனையோடு சேர்ந்து அறை முழுக்க ஒரு புளித்த நெடி. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். இரக்கம் வருமோ என்று அவளே கொஞ்சம் பயந்திருந்தாள். வரவில்லை. வயிறு குளிர்ந்தது. அவருடைய பிரிவுபசாரக் கூட்டத்துக்கும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பேசியவர்கள் யாரும் பதினேழைப் பற்றிப் பேசவில்லை. கூட்டம் முடியும்வரை அவள் கண் அவரைவிட்டு அகலவில்லை. அவர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கடிதத்தின் நகலோடு நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். அண்ணன் வேலை பார்த்த கட்டடம் பதினான்கு மாடி. மின்தூக்கிக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் ஏறி இறங்க, இடையிடையே கடிதத்தைப் படித்தார். ஒன்பதாவது மாடியில் எல்லோரும் இறங்கியதும் கதவை மூடினார். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

"அவன் கையெழுத்து போட்டுட்டான். சரி" என்றார். "நான் போன் பண்ணப்போ நீ ஏன் சொல்லல?"

அந்த ஆறு ஆண்டு நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

"பக்கத்துல ஆள் இருந்தாங்கண்ணே. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"மறுநாள் பண்ணியிருக்கலாமே?"

"ஆமா. பண்ணியிருக்கலாம்."

கீழே யாரோ மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "விதைப்புக்கு லீவு கேக்கறேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. நிலத்தைப் பார்க்க வர்றேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

சொன்னபடி வந்தார். லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. தராசுக்கு எடையறை திரும்பக் கிடைத்தது. வாரம் ஒருமுறை அண்ணன் நிலத்துக்குப் போவாள். அவர் மண்ணைப் பார்த்தபடி, "குட்டைக்கு மூணாவது பங்கு எப்போ?" என்று கேட்பார். அவளும் மண்ணைப் பார்த்தபடி, "தண்டு நீளட்டும்ணே, பத்து நாள் போகட்டும்" என்பாள். நல்லது கெட்டது எதுவும் பேசுவதில்லை. உரத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் அவர் எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விடுவார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த யூரியாப் பேச்சு? வேற பேசுங்களேன்" என்று அண்ணி ஒருநாள் இருவரையும் சேர்த்தே திட்டினாள்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "களைக்கு என்ன பண்றது?" என்று கேட்டார்.